குரலா, ஸ்கேனரா, விளக்கா? கிடங்கில் பொருள் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஒரு கிடங்கின் இயக்கச் செலவில் 55 விழுக்காடு வரை, ஆர்டருக்குரிய பொருள்களை அடுக்குகளிலிருந்து எடுத்துச் சேர்க்கும் வேலைக்கே போய்விடுகிறது என்பது கிடங்கு மேலாண்மை பற்றிய எழுத்துகளில் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. பிக்கிங் எனப்படும் அந்த வேலையிலும் ஏறத்தாழப் பாதி நேரம் நடையில் கழிகிறது. காதில் ஒலிக்கும் கட்டளையைக் கேட்டுப் பொருள் எடுக்கும் குரல்வழிப் பிக்கிங் முறையை விற்க வருபவர் வேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இந்த இரண்டாவது உண்மையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஹெட்செட் மாட்டியதால் யாரும் குறைவாக நடப்பதில்லை. நடையைக் குறைப்பது, எந்த வரிசையில் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மென்பொருளும், அதிகம் நகரும் பொருள்களை அருகில் வைக்கும் ஏற்பாடும்தான். அவற்றை அச்சிட்ட காகிதப் பட்டியலைக் கொண்டே கூடச் செய்துவிட முடியும். ஆகவே காகிதம், கைஸ்கேனர், குரல், தட்டின் முன் எரிந்து இடத்தைக் காட்டும் விளக்கு ஆகியவற்றுக்கு இடையிலான போட்டி, நடந்து முடித்து அடுக்கின் முன்னால் நின்ற பிறகு செலவாகும் சில நொடிகளைப் பற்றியது. அந்த நொடிகளில் நிகழும் தவறுகளைப் பற்றியது.

என் பார்வையில் நொடிகளைவிடத் தவறுகளே முதன்மையானவை. ஒவ்வொரு முறையும் எதைச் சரிபார்க்கிறது, எதைச் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறது என்பது வேறுபடுகிறது. உங்கள் கிடங்கில் எந்த வகைத் தவறு அதிகம் நிகழ்கிறது என்பதை அறியாமல் முறையைத் தேர்ந்தெடுத்தால், இல்லாத நோய்க்கு மருந்து வாங்கியதாகிவிடும்.

குரல்முறை நடைமுறையில் எப்படி இயங்குகிறது

தொழிலாளி இடுப்பில் ஒரு சிறு கருவியை அணிந்து, காதில் ஹெட்செட் மாட்டியிருப்பார். கிடங்கு மேலாண்மை மென்பொருள் அனுப்பும் ஆர்டர் வரிகளை (ஒரு வரி என்பது ஒரு பொருளும் அதன் எண்ணிக்கையும்) கருவி ஒவ்வொன்றாகப் பேச்சாக மாற்றிச் சொல்லும். "வழி பன்னிரண்டு, அடுக்கு ஏழு, தட்டு மூன்று" என்று கேட்டதும் அவர் அங்கே போய் நிற்பார். தட்டின் விளிம்பில் ஒட்டப்பட்ட சிறு சீட்டில் இரண்டு அல்லது மூன்று இலக்கச் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். "நான்கு எட்டு" என்று அவர் அதை வாய்விட்டுப் படிப்பார். எண் பொருந்தினால் மட்டுமே "ஐந்து எடுக்கவும்" என்று கருவி தொடரும். எடுத்து வைத்த பிறகு அவர் "ஐந்து" என்று சொன்னால் அடுத்த இடம் அறிவிக்கப்படும். எண் பொருந்தாவிட்டால் தவறான இடம் என்று கருவி சொல்லி, சரியான இடத்தை மீண்டும் கூறும். இந்தப் பரிமாற்றம் முழுவதிலும் அவருடைய இரு கைகளும் பெட்டியிலும், கண்கள் அடுக்கிலும் இருக்கின்றன. குரல்முறையின் உண்மையான பலம் இதுதான். மற்ற நன்மைகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

புதிய தொழில்நுட்பம் என்ற பெயரில் விற்கப்பட்டாலும் இது புதிதல்ல. இத்துறையில் நெடுங்காலம் முன்னணியில் இருந்த வோகலெக்ட் நிறுவனம் 1987-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கப்பட்டது. 2011-இல் அதை இன்டர்மெக் வாங்கியது. 2013-இல் இன்டர்மெக்கையே ஹனிவெல் வாங்கியது. மூன்று ஆண்டுகளுக்குள் உரிமை இருமுறை கைமாறியதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தின் தனிக் கருவி, அதன் தனி ஹெட்செட், அதன் தனி மென்பொருள் என்று மூன்றையும் ஒருசேர வாங்கிய கிடங்கு, அந்த நிறுவனத்தின் எதிர்காலத்தோடு தன்னையும் கட்டிக்கொள்கிறது. இன்று பல குரல் மென்பொருள்கள் பொதுச்சந்தையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு கருவிகளிலும் ஓடுகின்றன. வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டால் அத்தகையதைத் தேர்வதே பாதுகாப்பானது. ஸ்கேனர் பக்கத்திலும் இதே பாடம் உண்டு: கைஸ்கேனர்களில் பரவலாக இருந்த விண்டோஸின் பழைய கையடக்கப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் ஆதரவை நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவிகளையும் மாற்றவேண்டிய நெருக்கடி பல கிடங்குகளுக்கு ஏற்பட்டது.

எது சரிபார்க்கப்படுகிறது

சரிபார்ப்பு எண் உறுதி செய்வது இடத்தை மட்டுமே. தொழிலாளி சரியான தட்டின் முன் நிற்கிறார் என்பது அதனால் தெரியும். அந்தத் தட்டில் சரியான பொருள் இருக்கிறது என்பது தெரியாது. சரக்கை நிரப்பியவர் 500 மில்லி புட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் 250 மில்லி புட்டிகளை வைத்துவிட்டார் என்றால், குரல்முறை அந்தத் தவறை அன்று முழுவதும், அந்த இடத்துக்கு வரும் ஒவ்வொரு ஆர்டரிலும், எந்தத் தயக்கமும் இன்றிப் பெருக்கிக்கொண்டே போகும். பெட்டியின் மீதுள்ள பார்கோடின் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொல்வதன் மூலம் இதை ஓரளவு அடைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு வரிக்கும் சில நொடிகள் கூடுகின்றன. எந்த வேகத்துக்காகக் குரல்முறையை வாங்கினோமோ அதில் ஒரு பகுதியை இழக்கிறோம். சரக்கு நிரப்பும் கட்டத்தில் ஸ்கேனரைக் கட்டாயமாக்கி, எடுக்கும் கட்டத்தில் குரலை வைத்துக்கொள்வதே பெரும்பாலான இடங்களில் நல்ல உடன்பாடு. அந்தக் கட்டுப்பாடு இல்லாத கிடங்கில் குரல்முறையை நிறுவுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது ஓட்டை மனிதருடையது. ஒரே பகுதியில் தொடர்ந்து வேலை செய்பவருக்குச் சில வாரங்களில் அடிக்கடி போகும் இடங்களின் சரிபார்ப்பு எண்கள் மனப்பாடமாகிவிடும். இடத்தின் பெயரைக் கேட்டதுமே, இரண்டு அடுக்குகள் தள்ளி நடந்துகொண்டே எண்ணைச் சொல்லிவிடுவார். அவரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. எண்ணிக்கையை எட்டச் சொல்லி நாம்தான் அவரை விரட்டுகிறோம். ஆனால் அந்தக் கணம் முதல் சரிபார்ப்பு என்பது பெயரளவில்தான் இருக்கிறது. இதற்கு மாற்று, எண் சீட்டுகளை அவ்வப்போது மாற்றுவது, அல்லது ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று எண்களை அச்சிட்டு எந்த வரிசையிலுள்ள எண்ணைப் படிக்க வேண்டும் என்பதைக் கருவியே மாற்றி மாற்றிக் கேட்பது. பல ஆயிரம் இடங்கள் கொண்ட கிடங்கில் சீட்டு மாற்றுவது சிறிய வேலையல்ல. முன்மொழிவைப் பெறும்போதே இந்த வேலையை யார், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை செய்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த தட்டுகளுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் எண்கள் வராமல் பார்த்துக்கொள்வதும் அந்த வேலையின் ஒரு பகுதியே.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் நுட்பமானது. "ஐந்து எடுக்கவும்" என்று கேட்டவர் "ஐந்து" என்று சொல்வது, எண்ணிப் பார்த்ததன் சான்று ஆகாது. கேட்டதைத் திருப்பிச் சொன்னதாகவும் இருக்கலாம். பெட்டி பெட்டியாக எடுக்கும் இடத்தில் இது பெரிய சிக்கல் அல்ல. சிறு பொதிகளாக எடுக்கும் இடத்தில், ஓர் உள்பெட்டியில் பன்னிரண்டு இருக்கும்போது "இரண்டு" என்பது இரண்டு துண்டுகளா, இரண்டு உள்பெட்டிகளா என்ற குழப்பம் நாள்தோறும் எழும். அலகின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி உரையாடலை வடிவமைப்பதே இதற்கு வழி. குரல்முறையின் தரம் பேச்சை அடையாளம் காணும் மென்பொருளைவிட இந்த உரையாடல் வடிவமைப்பில்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. தட்டில் சரக்கு குறைந்துவிட்ட நேரத்தில் "மீதம் எத்தனை" என்று கருவி கேட்கும்படி அமைத்துவிட்டால், தனியாக ஆள் வைத்துச் செய்யும் இருப்புக் கணக்கெடுப்பின் ஒரு பகுதி செலவின்றி நடந்துவிடுகிறது. இந்த நன்மையை விற்பனையாளர்கள் ஏனோ உரக்கச் சொல்வதில்லை.

கைஸ்கேனர் இதற்கு நேர்மாறானது. பொருளின் மீதுள்ள பார்கோடையே படிப்பதால், தட்டில் தவறான பொருள் இருந்தால் அங்கேயே பிடிபடும். லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரானவற்றுக்குரிய எண்), காலாவதி நாள், தொடர் எண் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டிய மருந்து, மருத்துவக் கருவி, மின்னணுப் பொருள் ஆகியவற்றுக்கு ஸ்கேனருக்கு இணை இல்லை. பதினான்கு இலக்கப் பொருள் எண்ணும் அதைத் தொடரும் லாட் எண்ணும் ஒரே பார்கோடில் அடங்கியிருக்கும்போது, அதை ஒருவர் வாயால் படித்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண். ஆயினும் ஸ்கேனரும் ஓட்டை இல்லாததல்ல. ஐந்து பெட்டி எடுக்க வேண்டிய இடத்தில் ஒன்றை ஸ்கேன் செய்து ஐந்து என்று விசையில் அழுத்துவதே வழக்கம். மற்ற நான்கும் அதே பொருள்தானா என்பதைக் கருவி அறியாது. இட பார்கோடை மட்டும் ஸ்கேன் செய்யச் சொல்லும் கிடங்குகளில், அந்த பார்கோடுகளை ஒரு தாளில் நகலெடுத்து வண்டியிலேயே ஒட்டிவைத்துக்கொள்ளும் தந்திரமும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே.

விளக்குமுறையில் ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சிறு விளக்கும் எண் காட்டியும் பொத்தானும் இருக்கும். எரியும் விளக்கைப் பார்த்து, காட்டும் எண்ணிக்கையை எடுத்து, பொத்தானை அழுத்த வேண்டும். கற்றுக்கொள்ள இதைவிட எளிய முறை இல்லை. ஆனால் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதுதான் இங்கே சரிபார்ப்பு. கை பக்கத்துத் தட்டுக்குள் போயிருந்தால் விளக்குக்குத் தெரியாது. ஒரே பகுதியில் இருவர் வேலை செய்தால் யாருடைய விளக்கு எது என்பதை நிறங்களால் பிரிக்க வேண்டியிருக்கும். மூன்றாமவர் வந்தால் அதுவும் குழம்பும்.

காகிதத்தைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் போதும். நாளொன்றுக்குச் சில நூறு வரிகளே எடுக்கும், பொருள்களைக் கண்டாலே அடையாளம் தெரிந்த அனுபவசாலிகள் சிலர் மட்டும் வேலை செய்யும் கிடங்கில் அது இன்னும் நன்றாகவே பயன்படுகிறது. தவறு நடந்தது அனுப்பிய பிறகே தெரியவரும் என்பதும், இருப்புக் கணக்கு எப்போதும் சில மணி நேரம் பின்தங்கியே இருக்கும் என்பதும் அதன் விலை.

நொடிகளின் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கைஸ்கேனரை உறையிலிருந்து எடுத்து, குறிபார்த்து, திரையைப் படித்து, மீண்டும் உறையில் வைக்க ஒரு வரிக்கு 4 நொடி கூடுதலாகிறது என்று கொள்வோம். ஒரு தொழிலாளி ஒரு ஷிஃப்டில் 900 வரிகள் எடுத்தால் அது 3,600 நொடி, அதாவது சரியாக ஒரு மணி நேரம். இது கவர்ச்சியான எண். ஆனால் அதே தொழிலாளி 250 வரிகள் மட்டுமே எடுக்கும் கிடங்கில் மிச்சம் 17 நிமிடத்துக்கும் குறைவு. அந்த நிமிடங்கள் பெரும்பாலும் பேலட்டுக்காக (சரக்கை அடுக்கும் பலகைத் தளம்) காத்திருப்பதிலும் ஃபோர்க்லிஃப்டுக்கு வழிவிட்டு நிற்பதிலும் கரைந்துவிடும். ஒரு வரிக்கு எத்தனை நொடி மிச்சம் என்பதை உங்கள் கிடங்கில், உங்கள் பெட்டிகளைக் கொண்டு, நிறுத்துக் கடிகாரம் வைத்து அளந்து பார்க்காமல் எந்த விழுக்காட்டையும் நம்ப வேண்டியதில்லை.

ஒப்பிடும் புள்ளி எது என்பதும் முக்கியம். குரல்முறை பற்றிய பெரிய முன்னேற்றக் கணக்குகள் பலவற்றில் எதிர்ப்பக்கம் இருப்பது காகிதம். விரலில் மோதிரம்போல் அணியும் ஸ்கேனரும் மணிக்கட்டில் கட்டும் திரையும் வந்துவிட்ட பிறகு, கைகள் விடுதலை பெறுகின்றன என்ற வாதம் குரலுக்கு மட்டும் உரியதல்ல. மோதிர ஸ்கேனருடன் ஒப்பிட்டால் குரலின் வேக மேன்மை வெகுவாகச் சுருங்கும். அப்போதும் எஞ்சுவது கண்களின் விடுதலை: திரையைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பார்வை பாதையிலும் பெட்டியிலும் நிலைத்திருக்கிறது. கனமான பெட்டிகளைத் தூக்குபவருக்கும், ஃபோர்க்லிஃப்டுகள் ஓடும் வழியில் நடப்பவருக்கும் அது சிறிய விஷயம் அல்ல. காதில் இடைவிடாமல் குரல் ஒலிப்பது வண்டியின் ஹாரனைக் கேட்கவிடாமல் செய்யும் என்ற எதிர்வாதமும் நியாயமானதே. அதனால்தான் ஒரு காதை மட்டும் மூடும் ஹெட்செட்டை நான் வற்புறுத்துவேன்.

பிழைக் கணக்கையும் இதே போலப் போட வேண்டும். 10,000 வரிகளில் 99.5 விழுக்காடு சரி என்றால் 50 தவறுகள்; 99.9 விழுக்காடு சரி என்றால் 10. கேட்பதற்கு மிக நெருங்கிய இரண்டு எண்கள் ஐந்து மடங்கு வேறுபாட்டை மறைக்கின்றன. ஆனால் அந்த 50-இல் எத்தனை தவறான இடத்திலிருந்து எடுத்தவை, எத்தனை நிரப்பும்போதே மாறிப்போனவை, எத்தனை எண்ணிக்கைப் பிழைகள், எத்தனை சரியாக எடுத்து வேறு ஆர்டரின் பெட்டியில் போட்டவை என்று பிரித்துப் பார்த்தால்தான் முடிவு தெளியும். முதல் வகை அதிகமானால் குரல். இரண்டாவது அதிகமானால் ஸ்கேனர், அல்லது முன்னர் சொன்னபடி நிரப்பும் கட்டத்தைச் சீர்செய்வது. கடைசி வகை அதிகமானால் எடுக்கும் முறையை மாற்றிப் பயனில்லை. எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்பதைக் காட்டும் விளக்குகளை வண்டியிலோ பிரிக்கும் அடுக்கிலோ பொருத்துவதே தீர்வு. ஒரு மாதத்துத் திரும்பிவந்த சரக்குகளை இப்படி வகைப்படுத்துவதற்கு ஒருவரை ஒரு வாரம் அமர்த்தினால், அது பல விற்பனை விளக்கக் கூட்டங்களைவிடப் பயன் தரும்.

சத்தம், குளிர், மொழி

சத்தம் மிகுந்த இடத்தில் குரல்முறை இயங்காது என்ற அச்சம் பெரும்பாலும் மிகைப்பட்டது. வாய்க்கு மிக அருகில் நிற்கும் ஒலிவாங்கியும் சத்தம் நீக்கும் நுட்பமும், சீராக இரைந்துகொண்டிருக்கும் கன்வேயரையும் குளிர்விசிறியையும் நன்றாகவே தாங்கும். தடுமாற்றம் வருவது திடீர் ஒலிகளால்: பேலட் விழும் ஓசை, அறிவிப்பு ஒலிபெருக்கி, பக்கத்தில் நின்று உரக்கப் பேசும் சக ஊழியர். சத்தத்தில் நான் அதிகம் கவலைப்படுவது காதைப் பற்றி. சூழலின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காகத் தொழிலாளி ஹெட்செட்டின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு விதி, நாளொன்றுக்கான சராசரி 80 டெசிபெல்லைத் தாண்டினால் காதுக்காப்பு கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், 85-ஐ எட்டினால் அதை அணிவது கட்டாயம் என்றும் சொல்கிறது. உங்கள் கிடங்கு அந்த அளவை நெருங்குகிறது என்றால், காதுக்காப்போடு இணைந்த ஹெட்செட்டுக்கான செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உறைகுளிர்க் கிடங்கில் குரல்முறைக்குப் போட்டியே இல்லை என்று துணிந்து சொல்லலாம். பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸிலும் அதற்குக் குறைவான வெப்பநிலையிலும் தடித்த கையுறை அணிந்து விசை அழுத்துவதும், பனி படர்ந்த பார்கோடை ஸ்கேன் செய்வதும், உள்ளும் புறமும் போய்வரும்போது நீர் கோத்துக்கொள்ளும் திரையைத் துடைத்துத் துடைத்துப் படிப்பதும் எவரையும் பொறுமை இழக்கச் செய்யும். குரல் கருவியைக் குளிராடைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதால் மின்கலமும் உடல் வெப்பத்தில் தாக்குப்பிடிக்கும். ஒலிவாங்கியின் மீது மூச்சுக்காற்று உறைவதைத் தடுக்கும் நுரையுறையை அடிக்கடி மாற்ற வேண்டும். அது மலிவான பொருள், ஆனால் இருப்பில் தீர்ந்துவிட்டால் வேலை நிற்கும்.

மொழியும் உச்சரிப்பும் பற்றிய முடிவு இன்னும் ஆழமானது. பழைய குரல் முறைகள் பேசுபவரைச் சார்ந்தவை: ஒவ்வொரு தொழிலாளியும் முதல் நாளில் எண்களையும் சொற்களையும் பலமுறை படித்துத் தன் குரல்மாதிரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அரைமணி நேரம் வரை ஆகலாம். அதற்கு ஈடாக, எந்தத் தாய்மொழியின் சாயலோடு பேசினாலும், எந்தக் குரல்வளத்தோடு பேசினாலும், கருவி அவருடைய பேச்சுக்கே பழகிவிடுகிறது. புதிய முறைகள் பல பேசுபவரைச் சாராதவை; பதிவு தேவையில்லை, வந்த நாளிலேயே வேலையைத் தொடங்கலாம். ஆனால் அவை எந்த மொழிகளில், எந்த உச்சரிப்புகளில் பயிற்சி பெற்றவை என்பதைப் பொறுத்து, சிலருக்கு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய நிலை வரும். ஊழியர்கள் நிலையாக இருக்கும் கிடங்குக்கு முதல் வகையும், பண்டிகைக் காலங்களில் தற்காலிக ஆட்களை அள்ளிச் சேர்க்கும் கிடங்குக்கு இரண்டாம் வகையும் பொருந்தும். எந்த வகையானாலும், உங்கள் ஊழியர்களிலேயே அதிகம் தடுமாறக்கூடியவர் யாரோ அவரை வைத்துச் சோதிக்க வேண்டும். விற்பனையாளரின் விளக்குநர் பேசினால் எந்தக் கருவியும் சரியாகத்தான் கேட்கும்.

பணம் எதன்மீது ஏறுகிறது

விளக்குமுறையின் செலவு தட்டுகளின் எண்ணிக்கையோடு ஏறுகிறது. குரலுக்கும் ஸ்கேனருக்கும் ஆட்களின் எண்ணிக்கையோடு ஏறுகிறது. 8,000 தட்டுகளும் 30 ஆட்களும் உள்ள கிடங்கில் விளக்கு என்பது 8,000 கருவிகள், குரல் என்பது 30 கருவிகளும் சில உபரிகளும். 400 தட்டுகளில் நாளெல்லாம் பொருள் பறக்கும், 12 பேர் ஆளுக்கு ஒரு பிரிவாக நெருக்கமாக நின்று வேலை செய்யும் பகுதியில் கணக்கு தலைகீழாகிறது: அங்கே அடுத்த இடத்தின் பெயரைக் கேட்டு முடிப்பதற்குள் விளக்கைக் கண்டு கை நீண்டிருக்கும். பேச்சுக்கு என்று ஒரு கால அளவு உண்டு. அதை எவ்வளவு வேகமாக ஒலிக்கச் செய்தாலும் ஓர் எல்லைக்கு மேல் சுருக்க முடியாது. மிக அடர்த்தியான, மிக விரைவான பகுதிகளில் குரல் தோற்பது இதனால்தான்.

குரல்முறையின் செலவில் முன்மொழிவுகள் அடக்கி வாசிக்கும் பகுதிகள் மூன்று. முதலாவது வைஃபை. வழிகளின் மூலைகளிலும், நீர்ப்பொருள்கள் அடுக்கப்பட்ட ரேக்குகளின் நடுவிலும் அலை வலுவிழக்கும்; ஸ்கேனரில் அது ஒரு சிறு தாமதமாகத் தெரியும், குரலில் அது மௌனமாகத் தெரியும். காதில் ஒன்றும் கேட்காமல் நிற்கும் தொழிலாளிக்கு, கருவி கெட்டுவிட்டதா, ஆர்டர் முடிந்துவிட்டதா என்பது தெரியாது. இரண்டாவது, கிடங்கு மேலாண்மை மென்பொருளோடு இணைக்கும் வேலை. இடையில் ஒரு தனி மென்பொருள் அமர்ந்து பேச்சை நிர்வகிக்கும் அமைப்பில், ஒவ்வொரு பதிப்பு மாற்றத்தின்போதும் இரு பக்கமும் சோதிக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, ஹெட்செட். காதையும் வாயையும் ஒட்டியிருக்கும் பொருளை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பகிர்ந்துகொள்ள எவரும் விரும்பமாட்டார்கள், விரும்பவும் கூடாது. இடுப்புக் கருவியைப் பொதுவாக வைத்துக்கொண்டு, ஹெட்செட்டை ஆளுக்கு ஒன்றாகத் தருவதே முறை.

கண்ணாடியும் ரோபோவும்

கண்ணில் அணியும் கண்ணாடியில் இடத்தையும் எண்ணிக்கையையும் காட்டும் முறையை, சரக்குப் போக்குவரத்து நிறுவனமான டிஎச்எல், ரிக்கோ நிறுவனத்துக்கான கிடங்கு ஒன்றில் நெதர்லாந்தில் சோதித்து, 25 விழுக்காடு திறன் கூடியதாக 2015-இல் அறிவித்தது. ஆயினும் கூகுள் தன் தொழில்துறைக் கண்ணாடியின் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது. நாள் முழுதும் அணியும் எடையும், மின்கலத்தின் ஆயுளும், கண் சோர்வும் இன்னும் தீராதவை. முதன்மை முறையாக இதைத் தேர்வதற்கு இன்று வலுவான காரணம் எனக்குப் படவில்லை.

அடுக்கே தொழிலாளியிடம் வந்து நிற்கும் ரோபோ முறை வேறு தளத்தில் இருக்கிறது. அமேசான் 2012-இல் கீவா சிஸ்டம்ஸ் நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது, நடை எனும் அந்தப் பாதி நேரச் செலவையே ஒழிப்பதற்காக. அதை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது சரியல்ல. அது கட்டடத்தையும் முதலீட்டையும் மாற்றும் முடிவு. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், நீண்டகாலக் குரல் ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்திடுவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

கேட்கும் கருவி, கேட்கப்படும் ஆள்

குரல்முறை ஒவ்வொரு பரிமாற்றத்தையும் நேரத்தோடு பதிவு செய்கிறது. யார் எந்த இடத்தில் எத்தனை நொடி நின்றார் என்பது வரை தெரியும். ஸ்கேனரும் அதையே பதிவு செய்கிறது என்று வாதிடலாம். ஆனால் திரையில் தெரியும் அடுத்த கட்டளையைச் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம், காதில் விழும் கட்டளையைப் பொறுக்க முடியாது. வேலையின் தாளத்தைக் கருவி கைப்பற்றிக்கொள்வதும், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் போவதும் தொழிலாளிகள் கூறும் உண்மையான குறைகள். இடைநிறுத்தும் சொல், மீண்டும் சொல்லவைக்கும் சொல், பேச்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உரிமை ஆகியவற்றைத் தொழிலாளியின் கையில் தருவது கட்டாயம். விரைவு இலக்குகளைப் பற்றிச் சட்டங்களும் வரத் தொடங்கிவிட்டன: கலிஃபோர்னியாவில் 2022 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், பெரிய கிடங்குகள் தம் இலக்குகளைத் தொழிலாளிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், உணவு, ஓய்வு இடைவேளைகளைத் தடுக்கும் இலக்கை வற்புறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

குரல்மாதிரி பற்றிய கேள்வியும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் குரல் அடையாளத்தையும் கைரேகையோடு சேர்த்து உயிரளவை (பயோமெட்ரிக்) அடையாளமாக வரையறுத்து, அதைத் திரட்டுவதற்கு முன் எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. சொற்களைப் புரிந்துகொள்வதற்காகச் சேமிக்கும் மாதிரி ஆளை அடையாளம் காணும் பதிவாகுமா என்பது வழக்குரைஞர்கள் வாதிடும் விஷயம்; கிடங்கு நடத்துபவர் அந்த வாதத்தில் சிக்காமல் இருக்க, மாதிரி எங்கே சேமிக்கப்படுகிறது, ஊழியர் விலகியதும் அழிக்கப்படுகிறதா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவைத்தால் போதும்.

என் தேர்வு

பெட்டிகளாக எடுக்கும் மளிகை, பானங்கள், உறைபொருள் கிடங்குகளுக்கு நான் குரலையே தேர்வேன், நிரப்பும் கட்டத்தில் ஸ்கேனர் கட்டாயம் என்ற நிபந்தனையோடு. லாட் எண்ணோ தொடர் எண்ணோ பதிவாக வேண்டிய சரக்குக்கு ஸ்கேனர். அங்கே குரலைச் சேர்ப்பதானால், வழி காட்டுவதற்கும் எண்ணிக்கைக்கும் மட்டும் குரல், பொருளை உறுதி செய்ய மோதிர ஸ்கேனர் என்ற கலப்பு முறை. ஆண்ட்ராய்டு கருவி ஒன்றிலேயே இரண்டும் இயங்குவதால் இந்தக் கலப்பு இப்போது விலையுயர்ந்ததும் அல்ல. சிறு பொருள்கள் அடர்ந்து விரைந்து நகரும் குறுகிய பகுதிக்கு விளக்கு. ஆளுக்கு ஒரு ஷிஃப்டில் 300 வரிகளுக்குக் குறைவாக எடுக்கும் கிடங்கில், ஏற்கெனவே ஸ்கேனர் இருந்தால் எதையும் மாற்ற மாட்டேன். அந்தப் பணத்தை வழித்தடத்தையும் பொருள் வைக்கும் இடங்களையும் சீரமைக்கப் பயன்படுத்துவேன்.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு பகுதியில், குறைந்தது ஆறு வாரம், சோதனை ஓட்டம் தேவை. முதல் இரண்டு வாரங்களின் எண்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அப்போது பழக்கமின்மையும் புதுமையின் உற்சாகமும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும். சரிபார்ப்பு எண்கள் மனப்பாடமாகத் தொடங்கும் ஐந்தாம், ஆறாம் வாரங்களின் பிழைக் கணக்கே உங்களுக்குத் தேவையானது. சோதனைக்குத் திறமையானவர்களை மட்டும் தெரிவு செய்யும் ஆசையை மேற்பார்வையாளர்கள் விட்டுவிட வேண்டும். புதியவர் ஒருவர், கருவி மீது நம்பிக்கை இல்லாத மூத்தவர் ஒருவர், பேச்சு அவ்வளவு தெளிவில்லாதவர் ஒருவர் ஆகியோர் அந்தக் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். நிரப்புபவர் வேண்டுமென்றே இரண்டு தட்டுகளில் பொருளை மாற்றி வைத்து, அது எத்தனை வரிகளுக்குப் பிறகு யாரால் கண்டுபிடிக்கப்படுகிறது என்று பார்ப்பதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளலாம், அந்தச் சரக்கு வாசலைத் தாண்டிப் போகாதபடி ஒருவரை நிறுத்தி வைத்துவிட்டு.